இரண்டாவது பொட்டலம்

நனைந்த வாழைநாரை இலைப் பொட்டலத்தின் மேல் சுற்றி இழுத்து முடிச்சுப் போடும்போது 'கிறுக்' என்று ஒரு சின்னச் சத்தம் எழும். பூக்கடைக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோர் அதைக் காதில் வாங்கியிருக்கவே மாட்டார்கள். எனக்கு அந்தச் சத்தம் கேட்டால், நாற்பதைத் தாண்டிய இந்த வயதிலும், வலது உள்ளங்கை வேர்த்துவிடும். கையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு அந்த இடத்தைக் கடந்துவிடுவேன். ஒரு காலத்தில் மளிகைக் கடைக்காரர் பேப்பரில் மடித்து நூல் சுற்றிக் கொடுக்கும் பொட்டுக்கடலையைக்கூட என்னால் வாங்க முடியாது. எங்கள் ஊரில் என்னைக் கூச்ச சுபாவக்காரன் என்பார்கள். கூச்சம் பாதிதான். மீதிப் பாதி என்னவென்று போன வருடம் வரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

கருமத்தம்பட்டிக்கு வடக்கே, பஸ் நின்று போகிற சின்ன ஊர் எங்களுடையது. வீட்டை ஒட்டி ஒரு தறிக்கூடம், அதில் நான்கு விசைத்தறிகள். தறிகள் ஓடும்போது வீட்டில் யாரும் பேசிக்கொள்ள முடியாது. சத்தம் போட்டுக் கத்த வேண்டும், இல்லாவிட்டால் கையால் சைகை காட்ட வேண்டும். கரண்ட் போனால்தான் எங்கள் வீட்டில் பேச்சே நடக்கும். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

வீட்டில் அப்பா, அம்மா, நான், சரசத்தை. அத்தை என் அப்பாவின் கடைசித் தங்கை. அவர்களைப் பெற்றவர்கள் சீக்கிரம் போய்விட்டதால் அப்பாதான் அவளை வளர்த்தார். எனக்கு எட்டு வயது இருக்கும்போது அவளுக்கு இருபது இருக்கும். தறிக்கு வேண்டிய நூலைக் குச்சியில் சுற்றுவதைத் 'தார் போடறது' என்போம்; அத்தை தார் போட்டுக்கொண்டே எனக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பாள். மெஷின் சத்தத்தில் அவள் குரல் கேட்காது. உதட்டைப் பார்த்தே ஏழாம் வாய்ப்பாடு வரை மனப்பாடம் செய்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவளுக்கு உடுமலைப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. தென்னந்தோப்புக்காரர்கள். பெண் பார்க்க வந்தவர்கள் முறுக்கும் காப்பியும் சாப்பிட்டுவிட்டுத் திருப்தியாகப் போனார்கள். அவர்கள் போன பிறகு அத்தை அப்பாவிடம் ஒரே ஒரு காரணம் சொன்னாள்.

"போறப்ப அந்த மாப்பிள்ளை நம்ம நாயைக் காலால எத்துனாருங்கண்ணா. யாரும் பாக்கலைன்னு திரும்பிப் பாத்துப்போட்டு எத்துனாரு."

அப்பா சிரித்தார். "நாய் கடிக்க வந்திருக்கும் அம்மணி. எத்தாம கும்புடுவாங்களா?"

"கட்டிக் கெடந்த நாயிங்கண்ணா அது."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தறிக்கூடத்துக்குள் போய்விட்டார். அவர் ஏற்கனவே சந்தையில் நான்கு பேர் முன்னால் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அது அத்தைக்குத் தெரியாது. பத்து நாள் வீட்டில் கரண்ட் போகும்போதெல்லாம் இதே பேச்சு நடந்தது. கடைசியில் அத்தைதான் சொன்னாள்: "கருப்பராயங்கிட்டப் பூக் கேப்போமுங்கண்ணா. சாமி குடுத்துட்டா நான் வாயே தொறக்கமாட்டேன்."

பூக் கேட்பது எங்கள் பக்கத்தில் எல்லாக் குடும்பங்களிலும் உண்டு. கிணறு வெட்டுவதா, சம்பந்தம் செய்வதா, வீட்டுக்கு வாசல்நிலை வைப்பதா, எதுவானாலும் கோயிலில் சாமி முன் இரண்டு பொட்டலங்கள் வைப்பார்கள். ஒன்றில் வெள்ளை அரளி, ஒன்றில் செவ்வரளி. ஒரு சின்னக் குழந்தையைக் குளிப்பாட்டி ஈரத் துணியோடு நிறுத்தி, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமி சரியென்கிறது. சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறது. குழந்தையின் கை கள்ளமில்லாத கை, அதற்கு எதுவும் தெரியாது என்பதுதான் இதில் நம்பிக்கை.

எங்கள் வீட்டில் இருந்த குழந்தை நான்தான்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் அத்தைதான் என்னைத் தொட்டித் தண்ணீரில் குளிப்பாட்டினாள். ஈரத் துண்டை இடுப்பில் சுற்றி முடிச்சுப் போடும்போது குனிந்து என் காதில் சொன்னாள்: "செவப்பெடுத்துக் குடுத்துரு கண்ணு. அத்தை உன்ற கூடவே இருந்துக்கறேன்."

எப்போதும் பூசாரிதான் பொட்டலம் மடிப்பார். அன்றைக்கு அப்பா, "நீங்க திருநீத்துத் தட்டைப் பாருங்க, இதை நான் கட்டிப்போடறனுங்" என்று சொல்லிவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு இலையைக் கிழித்து மடித்தார். 'கிறுக்' என்று ஒரு முறை. 'கிறுக்' என்று இன்னொரு முறை. பித்தளைத் தட்டில் இரண்டையும் போட்டுக் குலுக்கிச் சாமி காலடியில் வைத்தார். கற்பூரம் எரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். அத்தை தலையைக் குனிந்தபடி கண்ணை மட்டும் தூக்கி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் இரண்டு பொட்டலங்களையும் பார்த்தேன். ஒன்று கொஞ்சம் பருமனாக இருந்தது. எங்கள் வேலியோரத்துச் செவ்வரளி பெரிய அடுக்குப் பூ, வெள்ளை சின்னது. அதனால் பருமனான பொட்டலத்தில்தான் சிவப்பு இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டேன். கள்ளமில்லாத கை என்று அவர்கள் நம்பிய கை முழுத் தந்திரத்தோடு நீண்டு பருமனானதை எடுத்தது. பூசாரி பிரித்தார். வெள்ளை.

"சாமி குடுத்துட்டாருங்" என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் எழுந்தார்கள். அத்தை என்னைப் பார்க்கவில்லை.

கல்யாணம் நடந்தது. நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு திரிந்தேன். பயமெல்லாம் அப்போது இல்லை, மனசு ஏமாந்துபோய்ப் 'பொக்குனு' இருந்தது, அவ்வளவுதான். எட்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் அத்தை தனியாக, ஒரு மஞ்சப்பையோடு பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தாள். வாசலில் நின்ற நான், "அத்தை வந்துருச்சு" என்று கத்தினேன். அவள் சிரிக்க முயன்றாள். முன்பல் ஒன்று இல்லை. மேல் உதடு ஒரு பக்கம் வீங்கி, பழைய மஞ்சள் நிறத்தில் இருந்தது. அம்மா ஓடிவந்து அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே அழுகிறார்களா பேசுகிறார்களா என்று எனக்குக் கேட்கவில்லை. நான் வாசலில் நின்று என் வலது கையைப் பார்த்தேன்.

அந்த நிமிஷத்தை இன்றைக்கும் அப்படியே சொல்ல முடியும். கை வேறு யாருடையதோ போலத் தெரிந்தது. அத்தை கேட்டது சிவப்பு. நான் எடுத்தது வெள்ளை. அதோடு, சாமியிடமே தந்திரம் செய்தேன். அதற்குத்தான் சாமி என் கையை மாற்றிவிட்டது என்று எனக்குள் முடிவாகிவிட்டது.

முதலில் ஒரே ஒரு விதிதான் இருந்தது: அத்தையை வலது கையால் தொடக்கூடாது. பிறகு, எங்கள் மாட்டுக் கொட்டகையில் இருந்த கன்றுக்குட்டியின் நெற்றியை ஒரு நாள் மறந்துபோய் வலது கையால் தடவினேன்; அடுத்த வாரம் அது கழிசல் வந்து செத்துப்போனது. மாட்டுக்காரர்களுக்கு அது புதிதில்லை. எனக்கு அது சாட்சி. அதற்குப் பிறகு அம்மா, அப்பா, பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காரும் பையன், யாரையுமே வலது கையால் தொடுவதில்லை. தெரியாமல் பட்டுவிட்டால் ஓடிப்போய்த் தறிக்கூடத்தை ஒட்டிய சிமெண்ட் தொட்டியில் கையைக் கழுவ வேண்டும், பதினொரு முறை. நடுவில் யாராவது கூப்பிட்டால் எண்ணிக்கை கெட்டுவிடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஏன் பதினொன்று என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பத்தில் நிறுத்திய ஒரு நாள் நெஞ்சு அடித்துக்கொண்டது, பதினொன்றில் அடங்கியது, அவ்வளவுதான். அடங்கிய நெஞ்சு கொஞ்ச நேரத்தில் மறுபடி அடித்துக்கொள்ளும். சில நாள் பதினொன்றைப் பதினொரு முறை கழுவினேன். தோல் வெடித்து, விரல் மடிப்புகளில் ரத்தம் கசியும்.

அம்மா என் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே, "சித்த நேரம் தண்ணியில ஆடாம இருந்தா என்ன சாமி?" என்பாள். அவளுக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது. அப்பாவுக்குத் தெரிந்தது இன்னொன்று: நான் இடது கையால் சாப்பிடத் தொடங்கியிருந்தேன்.

எங்கள் வீட்டில் அது சாதாரணக் குற்றம் இல்லை. "பீச்சாங்கையில சோறு திங்கறவனை ஒரு பந்தியில உக்கார வைக்க முடியுமா?" என்று அப்பா தட்டைப் பிடுங்கிவைத்தார். பெரியவர்கள் ஆளாளுக்குச் சொன்னார்கள்: திமிரு என்று ஒருவர், செல்லங்கொடுத்துக் கெடுத்துட்டீங்க என்று ஒருவர், ஒரு சூடு வெச்சா சோத்தாங்கை தன்னால வரும் என்று ஒருவர். அம்மா சூடு வைக்கவில்லை. ஒரு துண்டை எடுத்து என் இடது கையை முதுகோடு சேர்த்துக் கட்டினாள். "இப்பத் தின்னு பாக்கலாம்" என்றாள்.

எனக்குப் பசி. வலது கையால் சோற்றைத் தொட்டால் அந்தச் சோறு விஷமாகிவிடும், அதைச் சமைத்த அம்மாவுக்கும் ஏதாவது ஆகிவிடும் என்று இருந்தது. நான் குனிந்து வாயாலேயே தட்டில் இருந்த சோற்றை எடுத்துத் தின்றேன்.

அம்மா ஒரு சத்தம் எழுப்பினாள். அழுகை என்றும் சொல்ல முடியாது. துண்டை அவிழ்த்துப் போட்டுவிட்டுத் தன் தலையில் இரண்டு கையாலும் அடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு பல மாதம் அவளே எனக்கு ஊட்டிவிட்டாள். திட்டிக்கொண்டே ஊட்டினாள், ஆனாலும் ஊட்டினாள். ஏன் இப்படிச் செய்கிறாய் என்று மட்டும் அவள் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு ஒரு காரணம் இருக்கும் என்று அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றாது.

கேட்டது ஒரே ஒருவர். கோயமுத்தூரில் ஒரு பள்ளிவாசலில் சாயங்காலத் தொழுகை முடிந்ததும் பயந்த குழந்தைகளுக்கு ஓதி ஊதுவார்கள் என்று கேள்விப்பட்டு அம்மா என்னைக் கூட்டிப் போனாள். வாசலில் எங்களைப் போலப் பத்துப் பன்னிரண்டு அம்மாக்கள் பிள்ளைகளோடு நின்றார்கள். வெள்ளைத் தாடி வைத்த பெரியவர் ஒருவர் என் முன் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, "என்ன பயம் தம்பி? எங்கிட்டச் சொல்லு" என்றார். எனக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. அம்மாவின் சேலை என் தோளில் உரசிக்கொண்டிருந்தது. அவள் காதில் விழுந்தால் அத்தைக்குத் தெரிந்துவிடும், அத்தையின் பல்லை உடைத்தவன் நான் என்று வீட்டுக்கே தெரிந்துவிடும். வாயை மூடிக்கொண்டேன். அவர் சற்று நேரம் காத்திருந்துவிட்டு ஓதினார், நெற்றியில் ஊதினார், ஒரு கறுப்புக் கயிறு எடுத்து மணிக்கட்டில் கட்டினார். பாவம், அவர் நல்லதுதான் செய்தார். ஆனால் கட்டியது வலது மணிக்கட்டில். ஆக, என் கையில் ஏதோ இருப்பது உண்மைதான், அவருக்கே தெரிந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து கழுவுவது இரண்டு மடங்கானது.

ஐந்தாம் வகுப்பு வரை உள்ளூர்ப் பள்ளிக்கூடம். இடது கையால் எழுதினால் விரல் முட்டியில் அடி விழும், வாங்கிக்கொண்டு எழுதினேன். ஆறாம் வகுப்புக்குப் பஸ்ஸில் போக வேண்டும். காலையில் தொட்டியில் கழுவி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். ஓடிவந்து பஸ் போன புழுதியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். நான்கு நாளைக்கு ஒரு நாள் போனேன், பிறகு வாரத்துக்கு ஒரு நாள், பிறகு இல்லை. "படிப்பு ஏறலீங்க, தறிக்கே வரட்டும்" என்று அப்பா ஊரில் சொல்லிவிட்டார். படிப்பு ஏறாமல் இல்லை. பஸ் ஏற முடியவில்லை.

அந்த நாட்களில் நடந்த ஒன்றை நான் பல வருடம் தவறாகவே நினைவு வைத்திருந்தேன். ஒரு மத்தியானம் கரண்ட் போய்த் தறிகள் நின்றன. காது அடைத்த மாதிரி அமைதி. நான் தொட்டியருகே கையைக் கழுவிக்கொண்டிருந்தேன். அப்பா தறிக்கூடத்திலிருந்து வந்து என் பக்கத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்தார். அவர் எனக்குப் பக்கத்தில் அப்படி உட்கார்ந்ததே இல்லை. என் வலது கையைப் பிடித்துத் திருப்பி, வெடிப்புகளைப் பார்த்தார். எனக்கு உயிர் போனது. நான் தொடவில்லை, அவராகத் தொடுகிறார், இது கணக்கில் வருமா வராதா என்று தெரியவில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கண்ணு, அன்னைக்கு அந்தப் பூவு..." என்றார்.

கரண்ட் வந்துவிட்டது. நான்கு தறியும் ஒரே நேரத்தில் அடிக்கத் தொடங்கின. அப்பா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார், பிறகு என் கையைத் தண்ணீருக்குள் விட்டுவிட்டு எழுந்து போனார். 'உன் கையாலதான் உங்கத்தை வாழ்க்கை போச்சு' என்று சொல்ல வந்தார், நல்ல வேளை கரண்ட் வந்தது என்று நான் நினைத்தேன். அன்றைக்கு எனக்குக் கரண்ட்தான் சாமி.

அத்தை எங்கள் வீட்டில் நான்கைந்து வருடம் தார் போட்டுக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கமே போகவில்லை. அவள் கூப்பிட்டால் தொட்டிக்கு ஓடிவிடுவேன். ஒரு நாள் அவளும் மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு கணபதியில் மோட்டார் பட்டறை ஒன்றில் செம்புக்கம்பிக் காயில் சுற்றும் வேலைக்குப் போய்விட்டாள். அங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்கிவிட்டாள்.

நான் தறியில் நின்றேன். வேலை மும்முரத்தில் பயம் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது, போகவில்லை. கல்யாணத்தில் தாலி கட்டும்போது மனசுக்குள் எண்ணி முடிக்கும் வரை நான் கையை அசைக்கவில்லை. "மாப்பிள்ளைக்கு முடிச்சுப் போட மறந்துபோச்சாட்ட இருக்குது, தறியில நூல் அறுந்தா முடிச்சுப் போடறவரு" என்று பின்னாலிருந்து கேலி செய்தார்கள். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

இதையெல்லாம் மண்ணுக்குள் போட்டு மூடினபடியே நானும் போய்ச் சேர்ந்திருப்பேன். என் மகளுக்கு ஒன்பது வயதில் ஒன்று தொடங்கியது. கேட்டைப் பூட்டுவாள், படி ஏறுவாள், இறங்கிப்போய்ப் பூட்டை ஆட்டிப் பார்ப்பாள், மறுபடி ஏறுவாள், மறுபடி இறங்குவாள். என் மனைவி திட்டினாள், ஒரு நாள் அடித்தும்விட்டாள். பள்ளிக்கூட டீச்சர் சொல்லி, கோயமுத்தூரில் ஒரு பெண் டாக்டரிடம் போனோம். அவர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, "எதுக்குப் பூட்டை ஆட்டறேன்னு அவகிட்டக் கேட்டீங்களா?" என்பதுதான். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எல்லாம் பட்ட நானும் கேட்கவில்லை.

இது நிறையப் பிள்ளைகளுக்கு வருவதுதான், ஒரு நினைப்பு மாட்டிக்கொண்டு சுற்றும், எண்ணினாலோ கழுவினாலோ ஆட்டிப் பார்த்தாலோ கொஞ்சம் அடங்குவதுபோல் காட்டி இன்னும் பெரிதாகத் திரும்பி வரும், சரியாக்க வழி இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். திட்டவும் வேண்டாம், அவளோடு சேர்ந்து நீங்களும் பூட்டை ஆட்டவும் வேண்டாம் என்றார். வீட்டுக்கு வரும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்திக் கேட்டேன்.

"பூட்டலைன்னா நீங்க ரோட்டுல அடிபட்டுச் செத்துப்போயிருவீங்கப்பா" என்றாள் பாப்பா, மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போல.

என் உயிரை அந்தச் சின்னக் கையில் வைத்துக்கொண்டு அவள் தினமும் படி ஏறி இறங்கியிருக்கிறாள். அவளிடம் என் கதையைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அதற்கு முன் சொல்ல வேண்டிய ஆள் ஒருவர் இருந்தார்.

கணபதியில் அத்தையின் அறை ஒரு பட்டறைக்கு மேலே இருக்கிறது. கீழே லேத்து ஓடும் சத்தம். இப்போது அவளுக்குக் கட்டிய பல், வெள்ளைத் தலை, பட்டறைப் பையன்களை ஏவி வேலை வாங்கும் வாய். "என்னடா கண்ணு, ஊட்டுப் பக்கம் மழை ஏதாச்சும் வந்துருச்சா, இத்தனை வருசங் கழிச்சு அத்தை ஞாபகம் வந்திருக்குது" என்றாள். டீ கொடுத்தாள். இடது கையால் வாங்கினேன். குடித்து முடித்துவிட்டு, தரையைப் பார்த்தபடி முழுவதையும் சொன்னேன். பருமனான பொட்டலம், கன்றுக்குட்டி, பதினொன்று, எல்லாம்.

அத்தை என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு, "அட சாமி" என்றாள். அப்புறம் சொன்னாள்:

"நீ எதை எடுத்திருந்தாலும் வெள்ளைதாண்டா கண்ணு. ரெண்டுலயும் வெள்ளைதான் இருந்துது."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"எல்லாரும் எந்திரிச்சுப் போன பொறவு தட்டைக் கழுவப் போனேன். மீதிப் பொட்டலம் கெடந்துது. பிரிச்சுப் பாத்தேன். எங்கண்ணன் வாக்குக் குடுத்துப்போட்டு வந்து, சாமி மாத்திச் சொல்லிப்போடுமோன்னு பயந்துபோயிக் கட்டியிருக்குது."

"ஏன் அத்தை சொல்லலை?"

"யாருகிட்ட? மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வாசல்லயே நிக்கறாங்க. பிரிச்சுக் காட்டுனா எங்கண்ணன் மானம் போயிரும். என்னையத் தூக்கி வளத்துன ஆளு." அவள் புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "திரும்பி வந்த பொறவு நீ எம்பக்கமே வரலை. வாழாவெட்டியா வந்துட்டேன்னு பையனுக்குக் கூடக் கூச்சமாப் போச்சாட்ட இருக்குதுன்னு நெனைச்சேன். அதுக்குத்தான் நான் இங்க வந்ததே."

"நீங்கதான அத்தை, துண்டு கட்டறப்ப, செவப்பெடுத்துக் குடுன்னு சொன்னீங்க?"

அத்தை புருவத்தைச் சுருக்கி யோசித்தாள். "நானா?" என்றாள். "அப்படியா சொன்னேன்? எனக்கு நெனப்பில்லையே கண்ணு."

முப்பது வருடத்துக்கு மேல் நான் தூக்கிக்கொண்டு திரிந்த வார்த்தை அது. சொன்னவளுக்கே நினைவில் இல்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் குழந்தையாக இருந்தபோது அந்த வீட்டில் இரண்டு பேரிடம் பதில் இருந்திருக்கிறது. தொட்டிக்கும் தார் மெஷினுக்கும் இடையே இருபது அடி. தறிக்கும் தொட்டிக்கும் அதைவிடக் குறைவு. அத்தனை பக்கத்தில் பதில் இருந்தும் நான் கையைக் கழுவிக்கொண்டிருந்தேன். சாமியிடம் உண்மையில் தந்திரம் செய்தது நானில்லை, அப்பா. கரண்ட் போன அந்த மத்தியானம் அப்பா சொல்ல வந்தது வேறு. இன்னும் ஐந்து நிமிஷம் கரண்ட் வராமல் இருந்திருந்தால் நான் ஆறாம் வகுப்புக்குப் போயிருப்பேன்.

அப்பா மேல் எனக்குக் கோபம் வரவேண்டும். வருகிறது. ஆனால் அதைவிட முன்னால் வந்து நிற்பது இன்னொன்று. நான்கு வருடத்துக்கு முன், ஆஸ்பத்திரியில், அவருடைய கடைசி வாரம். பேச்சு நின்றுவிட்டிருந்தது. கட்டிலிலிருந்து என் பக்கம் கையை நீட்டினார். அவரைப் பிழைக்க வைக்க வேண்டுமென்று நான் இடது கையைக் கொடுத்தேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டு, வெகுநேரம் அந்தக் கையையே பார்த்தார். பிறகு என் வலது கையைத் தேடிப் பார்த்தார். அது சட்டைக்குள் இருந்தது. அவர் கண்ணோரம் தண்ணீர் வழிந்தது. வயதானவர்களுக்கு வழிவதுதான் என்று துடைத்துவிட்டேன். அதையும் இடது கையால்தான்.

இப்போது அந்தச் சிமெண்ட் தொட்டி இல்லை, இடித்துவிட்டு அந்த இடத்தில் வண்டி நிறுத்துகிறோம். தறிக்கூடத்தை வாடகைக்கு விட்டாயிற்று. கோயிலில் வாழை இலை மடிப்பதில்லை, ஒரே மாதிரியான காகித உறைகள் வந்துவிட்டன. மளிகைக் கடையில் எல்லாம் பிளாஸ்டிக் கவர். என்னைப் பயமுறுத்திய பொட்டலங்கள் எல்லாம் உலகத்திலிருந்தே போய்விட்டன. பயம் மட்டும் இருக்க இடம் தெரியாமல் என்னிடமே இருக்கிறது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும்.

பாப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் டாக்டரிடம் போய்க்கொண்டிருக்கிறாள். பூட்டை ஆட்டுவது ஒரு முறையாகக் குறைந்திருக்கிறது. போன வாரம் அவிநாசி ரோட்டைக் கடக்க நின்றபோது அவள் என் வலப்பக்கம் வந்து கையை நீட்டினாள். வலது கையைக் கொடுத்தேன்.

"எண்ணறீங்களாப்பா?" என்றாள்.

"ஆமா சாமி."

"எத்தனை?"

"எட்டு."

லாரிகள் போய் ரோடு காலியானது. அவள் இழுத்தாள். பதினொன்று ஆகட்டும் என்று நிற்காமல் நடந்தேன். மறுபக்கம் போய்ச் சேர்ந்ததும் மீதி மூன்றையும் மனசுக்குள் எண்ணி முடித்துவிட்டேன். அதையும் அவளிடம் சொன்னேன்.